இடப்பக்கம் இழுத்த வண்டி

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தவரை உனக்காகப் பேசாமல் இருந்தேன். நீ போன பிறகு, இனி யாருக்காகப் பேசுவது என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். இப்போது பேசியே ஆகவேண்டிய நிலைமை வந்திருக்கிறது. பேச்சை உன்னிடம் தொடங்குவதுதான் எனக்குச் சுலபம்.

போன வாரம் சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே ஏதோ லாரி குறுக்கே திரும்பி நிற்கிறது என்றார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இன்னொரு லாரியின் சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறான். அந்தக் கருகல் வாடை பஸ்ஸுக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை. பக்கத்து இருக்கை அம்மா, "சார், சாத்துங்க சார், குமட்டிக்கினு வருது" என்றார். சாத்தினேன். அதற்குள் நீ உள்ளே வந்துவிட்டாய்.

நமக்கு இருபது வயதுகூட ஆகாத காலம். பாலக்கோடு தக்காளி மண்டிக்காரருடைய மினி லாரியை உன் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துச் சில வாரமே ஆகியிருந்த நீ அந்த வண்டியைக் கேட்டு வாங்கி, சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போனாய். இன்ஜினியரிங் காலேஜ் விடுதிக்குத் திரும்பவேண்டிய நான் உன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். தொப்பூரில் இறங்கத் தொடங்கியதும் இதே வாடை. பிரேக்கைத் தொட்டால் வண்டி இடப்பக்கத் தடுப்புச் சுவரை நோக்கிப் போனது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு சாமி பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். நீ கியரை இரண்டுக்கு இறக்கி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துத் தாங்கிக்கொண்டே சொன்னாய்: "உங்க சாமிய மட்டும் கூப்புடறியே, எங்க மாதாவையும் ஒரு வார்த்த கூப்புடுடா. ஆளுக்கு ஒரு சக்கரம் புடிச்சிக்கட்டும்."

சேலத்தில் சரக்கை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம் வண்டியை நிறுத்தி, யாரிடமோ ஸ்பேனர் வாங்கி, அடியில் படுத்துப் பிரேக்கை நீயே சரிசெய்தாயாம். பிறகு வண்டியைக் கழுவிக் கொண்டுபோய் மண்டிக்காரர் வாசலில் விட்டிருக்கிறாய். "வண்டி எப்படிடா இருந்துது?" என்று அவர் கேட்டதற்கு, "நல்லா இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அடுத்த வாரம் நீ இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நம்பிக் குடுத்திருக்காருடா. குடுத்த வண்டியப் போயி கொற சொல்லலாமா?" என்றாய்.

நம் பக்கத்தில் இரவல் வாங்குவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. மருந்தடிக்கும் மெஷினோ, மோட்டார் சைக்கிளோ, விசேஷத்துக்கு வாங்கிய அண்டாவோ, எதுவானாலும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்தவர் எப்படி இருந்தது என்று கேட்பார். நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டும். நடுவில் பழுதானால் நாமே சரிசெய்துவிட்டு மூச்சு விடாமல் இருக்கவேண்டும். பழுதைச் சொல்வது கொடுத்தவரின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுவது. கேட்கிறவரும் இதை அறிவார். அவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. என் அப்பாவும் இப்படித்தான். உன் அப்பாவும் இப்படித்தான். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு என்று இதில் வித்தியாசமே கிடையாது. உன் வாழ்க்கையைக் கெடுத்தது இந்த மரியாதை. பத்திரிகைக்காரர்கள் எழுதியது வேறு.

இளம் ஓட்டுநர்களுக்கான அந்தப் பயிற்சித் திட்டத்தின் விளம்பரத்தை விடுதியில் நாளிதழில் பார்த்தவன் நான். நாடு முழுவதும் தேர்வு நடத்தி, தேறியவர்களுக்குப் பந்தயக் கார் கொடுத்து, பயிற்சி கொடுத்து வளர்க்கப்போவதாகப் போட்டிருந்தார்கள். ஓசூர்ப் பக்கம் நடந்த தேர்வுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். மற்ற பையன்கள் அப்பாவின் காரில், சொந்தத் தலைக்கவசத்தோடு வந்திருந்தார்கள். ஒரு பையனுடைய அப்பா உன்னிடம் அன்பாகத்தான் விசாரித்தார்: "எந்த அகாடமி தம்பி?"

"தக்காளி மண்டிங்க சார்."

அவர் அதை ஏதோ வெளிநாட்டு அகாடமியின் பெயர் என்று நினைத்துத் தலையாட்டியதைச் சொல்லிச் சொல்லி எத்தனை முறை சிரித்திருக்கிறோம். அன்று நடுவில் தூறல் விழுந்தது. தடம் வழுக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் சுழன்று சுழன்று புல்லில் போய் நின்றார்கள். நீ மட்டும் களத்தில் காயவைத்த நெல்லை மிதிக்காமல் நடப்பவனைப்போல ஓட்டிக்கொண்டு வந்தாய். முடிந்ததும் அவர்கள் இரவல் கொடுத்த தலைக்கவசத்தைச் சட்டை நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாய். அதை வாங்கிக்கொண்டவர்தான் திட்ட மேலாளர். கழுத்தில் எப்போதும் நேரம் பார்க்கும் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்ததால் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்தாய். இந்த மடலிலும் அவரை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வருடத்தை நான் குறை சொல்லமாட்டேன். என் கோபங்களையெல்லாம் வாடாமல் பார்த்துக்கொள்கிறவன்தான் நான். ஆனாலும் அந்த வருடத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டத் தெரிந்த பையனாகப் போன உன்னை அவர்கள் பந்தய ஓட்டுநர் ஆக்கினார்கள். காரில் எப்படி உட்காரவேண்டும், என்ன சாப்பிடவேண்டும், ஓட்டுவதற்கு முன் தடத்தை எப்படிக் காலால் நடந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கழுத்து பலப்பட, தலையில் ரப்பர் பட்டை கட்டி இழுக்கவைத்தார்கள். "நொகத்தடி கட்டற மாதிரி கட்டி வெச்சி இழுக்கச் சொல்றாங்கடா. ஆனா சோறு நல்லாப் போடறாங்க" என்று நீ சொன்னாய். உன் அப்பா எத்தனை லோடு தக்காளி அடித்தாலும் அந்தக் காரில் உன்னை ஒரு நாள்கூட உட்காரவைத்திருக்க முடியாது. ஒரு திட்டத்தின் மதிப்பு என்ன என்று கேட்டால், முதலில் இதைச் சொல்லவேண்டும். கதவு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது கதவு.

நீ ஜெயித்தாய். நாளிதழில் படம் வந்தது. தருமபுரியில் ஒரு சங்கத்தார் மேடை போட்டு உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் உன்னை வருங்கால உலக சாம்பியன் என்று மைக்கில் அறிவித்தார். அடுத்த வருடம் அதே மனிதர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, "உங்க பிரண்டுக்கு ஃபார்ம் போயிடுச்சாமே?" என்றார், வீட்டில் பால் திரிந்துபோனதை விசாரிப்பதுபோல. இன்றுவரை அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை.

ஃபார்ம் என்பது பேசுகிறவனுக்கு வசதியான சொல். மட்டை பிடிக்கிறவனுக்கு அவன் மட்டை அவனுடையது. ஓடுகிறவனுக்குக் கால் அவனுடையது. பந்தய ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வேறு நான்கு பேர் முடுக்கிய திருகாணிகளின்மேல். அவன் பின்தங்கினால் அது அவனுக்குள் இருக்கும் கோளாறா, அடியில் இருக்கும் கோளாறா என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவன் சொன்னால்தான் தெரியும். நீ சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் உனக்கு வேறு கார் கொடுத்தார்கள். முதல் பந்தயத்திலேயே பின்தங்கினாய். அடுத்ததில் இன்னும் பின்தங்கினாய். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஸ்டாப்வாட்ச் கேட்பார்: "கார் எப்படி இருக்கு?" நீ இறங்கி நின்று, "நல்லா இருக்குதுங்க சார்" என்பாய். அவர் எழுதிக்கொள்வார். கார் நன்றாக இருக்கிறது, ஓட்டுநர் மெதுவாகிவிட்டார். அவருக்குக் கணக்கு சரியாக வந்தது.

சனி ஞாயிறுகளில் நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தடத்துக்கு வந்துவிடுவேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் என்று கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார அனுமதித்தார்கள். காரில் பொருத்திய கருவிகள் பதிவுசெய்ததைக் கோடுகளாகப் பார்க்கலாம்: எங்கே பிரேக் மிதித்தாய், எங்கே ஸ்டியரிங் திருப்பினாய் என்று எல்லாமே அதில் தெரியும். மற்ற பையன்கள் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் கோடு நேராக இருந்தது. உன் கோடு ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வளைவு இன்னும் வராத இடத்தில் நீ எதற்காகத் திருப்புகிறாய்? அதைப் பார்த்தபோது எனக்கு மண்டிக்காரருடைய மினி லாரி ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ வலது முன்கையில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவதற்கும் காரணம் புரிந்தது.

"பிரேக் போட்டா லெஃப்ட்ல இழுக்குதா?"

"லேசா."

"லேசாவா? கை வீங்கிக் கெடக்குது. சொல்லுடா அவங்ககிட்ட."

"அவங்க காருடா. எவ்ளோ செலவு பண்ணிக் குடுத்திருக்காங்க. நான் பழகிக்கிறேன் வுடு."

நீ பழகிக்கொண்டாய். அதுதான் கொடுமை. கோணலான காரை உன் கைத்திறமையால் நேராக ஓட்டிக் காட்டினாய். கோணல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஓட்டத் தெரியாதவனாக இருந்திருந்தால் ஒரு சுவரிலாவது மோதியிருப்பாய், அவர்களும் காரைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

நானே போய்ச் சொன்னேன். ஸ்டாப்வாட்ச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். எத்தனையோ வாரமாக அதே மூலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கோட்டைக் காட்டினேன். அவர் உன்னைக் கூப்பிட்டார். மெக்கானிக்குகள், மற்ற பையன்கள், அவர்களுடைய அப்பாக்கள் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள்.

"உன் பிரண்டு கார் சரியில்லைங்கறாரு. என்ன, கார் சரியில்லையா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்தாய்.

"கார் நல்லா இருக்குதுங்க சார். அவனுக்கு அவ்ளோவா தெரியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். இனிமேல் வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று ஸ்டாப்வாட்ச் மெக்கானிக்கிடம் சொன்னார். நான் வெளியே வந்து வேலியோரம் நின்றேன். இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்: உன்மேல் எனக்கு உள்ள கோபம் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான். அதற்கு நீ எத்தனையோ விதத்தில் பரிகாரம் செய்தாய். என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாய், என் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடினாய். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் உன்னைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். உன்னுடைய காரைப் பெரிய ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, காரைவிட்டு இறங்கி, கையுறையைக் கழற்றி வீசினானாம். "இது லெஃப்ட்ல இழுக்குது. இதை நான் ஓட்டமாட்டேன்" என்றானாம். பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, காரின் உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல். பிரேக் போடும்போது மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறது. மாற்றினார்கள். அவன் அடுத்த பந்தயத்தில் ஜெயித்தான். பேட்டியில் திட்டத்துக்கு நன்றி சொன்னான். உன்னைக் கூப்பிட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எண்ணெய் துடைக்கும் ஒருவர் எனக்குப் போன் செய்து சொன்னதால் தெரிந்தது, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அந்தச் செய்தியோடு நான் மண்டிக்கு ஓடிவந்தேன். நீ லாரிமேல் நின்று தக்காளிப் பெட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாய். கீழே நின்றபடியே கத்திச் சொன்னேன். நீ பெட்டியைக் கீழே வைக்காமல் முழுவதும் கேட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ சொன்ன முதல் வார்த்தை:

"அப்பாடா. நல்லவேளடா, அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆவல."

அவ்வளவுதான். "அடுத்தது குடுங்கண்ணா" என்று கீழே நின்றவரிடம் கையை நீட்டினாய். அந்த மழைக்காலம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை.

பிறகு இருவருக்கும் வயதாகிவிட்டது. நான் பாலிடெக்னிக்கில் வாத்தியார் ஆனேன். நீ வாடகை வண்டி ஓட்டினாய். உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள். ஒருமுறை ஒகேனக்கல்லில் இரண்டு குடும்பமும் போயிருந்தோம். பெண்களும் பிள்ளைகளும் பரிசலில் போயிருந்தார்கள். நாம் மீன் வறுக்கும் கடையில் உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் ஸ்டாப்வாட்ச் பேசிக்கொண்டிருந்தார். திறமையை அடையாளம் காண்பது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்றோ என்னவோ. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ திட்டுடா அந்த ஆள. நான் கேக்கணும்."

நீ முள்ளை எடுத்துக்கொண்டே சிரித்தாய். "திட்டி? அவரு அன்னிக்கி என்ன எடுக்கலைன்னா அந்தக் காரு, அந்த வேகம், அதெல்லாம் நான் எங்கடா பாக்கறது? மண்டிலயா? ஒரு வருசம் குடுத்தாரு. நல்ல வருசம்."

"ரெண்டாவது வருசத்த யாரு கணக்குல வெக்கறது?"

"அத நீ வெச்சிக்கிறியே, போதாதா?" என்றாய். உன் தட்டிலிருந்து ஒரு துண்டை என் தட்டில் வைத்தாய்.

பிறகு ஒரு நாள், நெஞ்சு வலி என்று நீயே வண்டியை ஓட்டிக்கொண்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனாய். மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, ஓனர் நம்பரைச் சொல்லி, அவர் வந்தால் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே நடந்திருக்கிறாய். நான் வந்து சேர்ந்தபோது உன் மனைவி வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் கேட்கவேண்டியதெல்லாம் என்னிடமே தங்கிவிட்டது.

இப்போது நடந்திருப்பதைச் சொல்கிறேன். உன் மகள் கார் ஓட்டுகிறாள். நீ இருந்தபோதே ஓசூர்ப் பக்கத்துச் சின்னத் தடத்தில் அவளைப் பழக்கியது எனக்குத் தெரியும். அந்த விளையாட்டு உன்னோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அதே திட்டத்தின் இளையோர் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று அந்தத் திட்டம் முழுவதற்கும் தலைவர், ஸ்டாப்வாட்ச்.

உன் நினைவுத் திருப்பலி முடிந்த பிறகு உன் மனைவி சர்ச் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, இவ போயே தீருவேங்கறா. அவரு இருந்தா அனுப்பி வெச்சிருப்பாரு. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அங்க நடந்தது எல்லாம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான். நீங்க வேணாம்னா வேணாம். இவளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

உன் மகள் அவள் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மூக்கு, உன் பொறுமை. வேண்டாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருடமாக அந்த ஆளுக்கு நான் சொல்லக் காத்திருந்த சொல் அது. சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே கதவை நான் சாத்தியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் எங்கள் கொல்லைக்காட்டுக்கு வரச்சொன்னேன்.

கடலைக்காய் பிடுங்கிக் காலியாகக் கிடந்த எங்கள் கொல்லையில் என் பழைய காரை நிறுத்தியிருந்தேன். அவர்கள் வருவதற்கு முன், இடது முன்சக்கரத்தில் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டேன். மண்ணில் அழுந்தி நின்றதால் வெளியே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. அவளை ஓட்டச் சொன்னேன். வரப்போரமாக மூன்று நான்கு முறை சுற்றி வந்தாள். கார் இழுப்பது எனக்குத் தெரிந்தது. அவள் இழுத்துப் பிடிப்பதும் தெரிந்தது. உன்னைப் போலவே முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஓட்டினாள். இறங்கி வந்து, சாவியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கார் எப்படி இருக்குதும்மா?"

"நல்லா இருக்குதுங்க மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒண்ணும் தெரியலையா?"

"இல்லைங்க மாமா. ஸ்மூத்தா இருக்குது."

உன் மனைவி பக்கத்தில் நிற்கிறாள். நான் கத்தக்கூடாது. அந்தச் சமயத்தில் எனக்கு ஏனோ பஸ்ஸில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த உன் கை ஞாபகம் வந்தது. வேறு கேள்வி கேட்டேன்.

"எந்தக் கை வலிக்குது?"

"சோத்துக் கைங்க மாமா" என்றாள் உடனே, முன்கையைப் பிடித்துக்கொண்டு. "இங்க. லெஃப்ட்ல இழுத்துக்கினே இருந்துது, புடிச்சிக்கினே வந்தேன்."

"அப்புறம் ஏம்மா நல்லா இருக்குதுன்ன?"

"உங்க வண்டிங்களே மாமா. எப்படிச் சொல்றது?"

நான் டயர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். காற்றைப் பார்ப்பதுபோல வெகுநேரம் குனிந்திருந்தேன். "என்னங்கண்ணா ஆச்சு?" என்று உன் மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை, டயரில் காற்று இல்லை என்றேன்.

அன்று நீ என்னைப் பொய்யன் ஆக்கவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அப்படி எழுதமாட்டேன். வலி இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. அவர்கள் உன்னிடம் தப்பான கேள்வியைக் கேட்டார்கள். காரைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகளிடமிருந்து மரியாதைதான் பதிலாக வரும். கையைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். கார் அவர்களுடையது, கை நம்முடையது.

நன்றாக ஓடுகிற பையனைக் கைதட்டி வளர்க்க யாராலும் முடியும். அதற்குத் திட்டம் வேண்டாம், பொன்னாடை போர்த்தும் சங்கமே போதும். பின்தங்கத் தொடங்கியவனை உட்காரவைத்து, என்ன ஆயிற்று என்று அவனுக்குப் பதில் சொல்ல வருகிற விதத்தில் கேட்பதற்குத்தான் பயிற்சித் திட்டம் வேண்டும். கையுறையைக் கழற்றி வீசத் தெரிந்த பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே அது பழக்கம். சாவியை இரண்டு கையால் நீட்டும் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், எடுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளவேண்டும்.

உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரிசல் வரைக்கும். அவளுக்கு அது தெரியாது. நீ முதல் வருடத்தை மட்டும்தான் சொல்லி வளர்த்திருக்கிறாய். "அங்க இழுத்துதுன்னா சொல்லுவியா?" என்று கேட்டேன். "சொல்லப் பாக்கறேங்க மாமா" என்றாள். அவளால் முடியலாம். முடியாமலும் போகலாம். அவளை மட்டும் நம்பி விட்டுவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

"நான் அவங்களுக்கு எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா திட்டாதீங்க மாமா. அப்பாவுக்குப் புடிக்காது."

உன் மனைவியிடம் அனுப்பி வை என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வசவாகவே வந்தது. உனக்கு எழுதும்போதுதான் கொஞ்சமாவது நிதானமாக எழுத வருகிறது. ஆகவே இதையே அனுப்பப்போகிறேன். படிக்கிறவர் அவராகத்தான் இருப்பார். உன் பெயரையோ உன் மகளின் பெயரையோ எங்கும் எழுதவில்லை. ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன; யோசித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். காரிலிருந்து இறங்கி நிற்கிற ஒரு பிள்ளையிடம், அது எந்த ஊர்ப் பிள்ளையானாலும், உனக்கு எந்தக் கை வலிக்கிறது என்று ஒருமுறை கேட்டால் போதும். நான் அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. என்னிடம் மீதி இருப்பதை, அந்தச் சிரிப்பையும் வேலியோரத்தில் நின்றதையும், நானே வைத்துக்கொள்கிறேன். நீயும் அன்று மீன் கடையில் அதைத்தானே சொன்னாய்.

அடியில் என் பெயரைப் பெரிதாக எழுதவேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? "நீங்க யாரு?" என்று கேட்டவருக்கு அதுதான் பதில் என்று நினைத்திருந்தேன். இப்போது பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரைப் பார்த்தால் அவர் என்னோடு சண்டைக்கு வருவார்; அன்று தான் செய்தது சரி என்று நிரூபிக்கப் பார்ப்பார்; அதற்கான விலையை அந்தப் பெண் கொடுப்பாள். யாரென்று ஊகித்தாலும், பெயர் இல்லாத கடிதத்தோடு சண்டை போட அவரால் முடியாது. காரைத்தான் பார்த்தாக வேண்டும்.

உறையில் அவருடைய அலுவலக முகவரியை எழுதிவிட்டேன். அனுப்புநர் இடம் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.